குருவிக்கும் மரபு உண்டா? பழக்கங்கள் பிறப்பதும் பரவுவதும் அழிவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனிதரிலும் விலங்குகளிலும் பழக்கவழக்கங்கள் எப்படி மாறி வளர்கின்றன என்று பேச்செடுத்தால் சில கேள்விகள் தவறாமல் வந்து நிற்கின்றன. சில நியாயமானவை, சில, தவறான கதைகளை நம்பிக் கேட்கப்படுபவை. இரண்டுக்கும் இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. ஆனால் இரண்டாவது கேள்வியை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள். மற்றவை அதன்மேல்தான் நிற்கின்றன.

விலங்குக்குப் பண்பாடு உண்டு என்பது கொஞ்சம் அதிகப்படியாக இல்லையா?

பண்பாடு என்றதும் இசை, இலக்கியம், வழிபாடு என்று நினைத்தால் அதிகப்படிதான். ஆய்வாளர்கள் அந்தச் சொல்லை மிகச் சிறிய பொருளில் எடுத்துக்கொள்கிறார்கள்: ஒரு கூட்டத்தில் இருப்பவை ஒன்றைப் பார்த்து ஒன்று கற்று, நீடித்து வைத்திருக்கும் பழக்கம். அவ்வளவே. அந்த அளவுகோலில் சிம்பன்சி தேறும், திமிங்கலம் தேறும், பட்டாணிக்குருவியும் தேறும்.

1960இல் ஜேன் குடால் என்ற ஆய்வாளர், இன்றைய தான்சானியாவின் கோம்பே காட்டில், ஒரு சிம்பன்சி புல்தண்டைக் கறையான் புற்றுக்குள் விட்டு, ஒட்டிவந்த கறையான்களைத் தின்பதைப் பார்த்தார். கருவி செய்வது மனிதனின் தனிச்சொத்து என்ற எண்ணம் அன்றே ஆட்டம் கண்டது. என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய செய்தி பின்னால் வந்தது. 1999இல் ஆண்ட்ரூ வைட்டனும் அவருடைய கூட்டாளிகளும் ஆப்பிரிக்காவின் நீண்டகால ஆய்வுக் களங்களின் குறிப்புகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். இடத்துக்கு இடம் மாறும் பழக்கங்கள் 39 கிடைத்தன. ஐவரி கோஸ்ட்டின் தாய் காட்டுச் சிம்பன்சிகள் கல்லையும் கட்டையையும் கொண்டு கொட்டை உடைக்கின்றன. கோம்பேயில் எண்ணெய்ப்பனைக் கொட்டையும் உண்டு, கல்லும் உண்டு. ஆனால் அங்கே உடைப்பதில்லை. ஒரே விலங்கு, ஊருக்கு ஒரு வழக்கம்.

ஒரு பழக்கம் பிறவியில் வந்ததா, பார்த்துக் கற்றதா என்று எப்படிப் பிரித்தறிகிறார்கள்?

"மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா?" என்று கேட்பார்கள். நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டாம்தான். எங்கே நீந்திப் போவது என்பது வேறு கதை.

கரீபியக் கடலின் பவளப்பாறைகளில் நீலத்தலை ராஸ் என்றொரு சிறு மீன் வாழ்கிறது. இனச்சேர்க்கைக்காக இம்மீன்கள் குறிப்பிட்ட சில இடங்களில் கூடும். ஒரு மீனின் ஆயுள் சில ஆண்டுகள்தான். அந்த இடங்களோ பன்னிரண்டு ஆண்டுகள் கண்காணித்தும் மாறவில்லை. சரி, அவை உண்மையிலேயே சிறந்த இடங்களாக இருக்கலாம், ஒவ்வொரு மீனும் தானே கண்டுபிடித்து வரலாம் என்று வாதாட முடியும். ராபர்ட் வார்னர் என்ற உயிரியலாளர் அதைச் சோதித்தார். ஒரு பாறையில் இருந்த ராஸ் மீன்களை முழுவதுமாக அகற்றிவிட்டு, வேறு பாறையைச் சேர்ந்தவற்றைக் கொண்டுவந்து விட்டார். புதிய மீன்கள் பழைய இடங்களை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. வேறு இடங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றிலேயே நிலைத்துவிட்டன. பாறை அதேதான், மீனினமும் அதேதான். மாறியது வழக்கம் மட்டும்.

இந்தத் துறையின் நல்ல சோதனைகள் எல்லாம் இதே சூழ்ச்சியின் வேறு வடிவங்கள்தான். ஆக்ஸ்போர்டுக்கு அருகிலுள்ள வைத்தம் காட்டில் லூசி ஆப்லினும் குழுவினரும் செய்ததைப் பாருங்கள். பெரிய பட்டாணிக்குருவிகளில் சிலவற்றைப் பிடித்து, ஒரு தீனிப்பெட்டியின் கதவைத் தள்ளித் திறக்கப் பழக்கினார்கள். கதவை நீலப் பக்கமிருந்தும் தள்ளலாம், சிவப்புப் பக்கமிருந்தும் தள்ளலாம். கிடைக்கும் புழு ஒன்றுதான். ஒரு பகுதிக் குருவிகளுக்கு நீலத்தையும் இன்னொரு பகுதிக் குருவிகளுக்குச் சிவப்பையும் கற்றுக்கொடுத்து, ஒவ்வொரு பகுதியிலும் இரண்டே இரண்டை விட்டார்கள். இருபது நாட்களில் சராசரியாக நான்கில் மூன்று குருவிகள் பெட்டியைத் திறந்தன, அதுவும் பெரும்பாலும் தங்கள் பகுதிக்கு உரிய பக்கத்திலிருந்து. மறுபக்கமும் திறக்கும் என்று தாமாகவே கண்டுகொண்ட குருவிகள்கூட ஊர்வழக்கத்துக்கே திரும்பின. அடுத்த ஆண்டு பெட்டியை வைத்தபோதும் அதே சாய்வு தெரிந்தது. இது 2015இல் வெளியானது.

காட்டில் வெறுமனே பார்த்து, "இங்கே இப்படி, அங்கே அப்படி" என்று ஒப்பிடுவது மட்டும் போதாது. மண் வேறு, இரை வேறு, மரபணு வேறு என்று யாராவது ஒருவர் கை தூக்குவார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கும்.

கிழங்கைக் கழுவிய ஜப்பானியக் குரங்கின் கதை உண்மையா? நூறாவது குரங்கு கற்றதும் எல்லாத் தீவுகளுக்கும் பரவியதாமே?

முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதி கட்டுக்கதை.

ஜப்பானின் கோஷிமா தீவில், கின்ஜி இமானிஷியின் குழுவினர் மக்காக் குரங்குகளுக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்டுக் கவனித்து வந்தார்கள். 1953இல் ஏறத்தாழ ஒன்றரை வயதுப் பெண்குட்டி ஒன்று மண் ஒட்டிய கிழங்கை ஓடைநீரில் அலசித் தின்றது. அதற்கு இமோ என்று பெயர் வைத்தார்கள். ஜப்பானிய மொழியில் கிழங்கு என்று பொருள். அதன் விளையாட்டுத் தோழர்களும் தாயும் முதலில் கற்றார்கள். பிறகு கடல்நீரில் நனைத்துத் தின்பதும் வந்தது. உப்புச்சுவை பிடித்துப்போயிருக்க வேண்டும்.

பரவிய வேகம்தான் கதையின் உயிர்நாடி. 1958இல் கணக்கெடுத்தபோது இரண்டு முதல் ஏழு வயதுக்குட்பட்ட 19 குரங்குகளில் 15 கற்றிருந்தன. அதற்கு மேல் வயதான 11இல் இரண்டுதான். முதிய ஆண்கள் தொடவே இல்லை. குட்டிகளோடு அவற்றுக்குப் பழக்கமே கிடையாது. பார்க்காததை எங்கிருந்து கற்பது?

1979இல் ஓர் எழுத்தாளர் இதை எடுத்து, நூறாவது குரங்கு கற்ற கணத்தில் பழக்கம் காற்றில் தாவித் தீவு தீவாகப் பரவியது என்று எழுதினார். மூல ஆய்வுக் குறிப்புகளில் அப்படி ஒரு வரி கிடையாது. ஆனாலும் இந்தக் கதை தன்னம்பிக்கைச் சொற்பொழிவுகளில் இன்னும் உலா வருகிறது. மெய்யான கதையைவிடப் பொய்க்கதை வேகமாகப் பரவியது என்பதே பண்பாட்டுப் பரவலுக்கு நல்ல எடுத்துக்காட்டு.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பென்னட் கேலஃப் போன்ற கடுமையான விமர்சகர்கள், கோஷிமாவிலேயே ஒவ்வொரு குரங்கும் தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கலாமே என்று கேட்டார்கள். பார்த்துக் கற்பதாக இருந்தால், கற்றவை கூடக்கூடப் பரவும் வேகமும் கூட வேண்டும். அங்கே அப்படிக் கூடவில்லை என்பது அவர்கள் வாதம். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமில்லை அது. வைத்தம் குருவிகள் போன்ற சோதனைகள் தேவைப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

பார்த்துக் கற்பது என்றால் அப்படியே காப்பியடிப்பதா?

பல நேரங்களில் அவ்வளவுகூடத் தேவையில்லை. 1921இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் அருகே, வீட்டுவாசலில் வைத்த பால்புட்டியின் மூடியைக் கொத்தித் திறந்து, மேலே படிந்த பாலாடையைக் குடிக்கும் சிறு பறவைகளைப் பார்த்ததாகப் பதிவாகியிருக்கிறது. 1940களின் முடிவில் பிரிட்டனின் பல பகுதிகளில் இது சாதாரணக் காட்சி. ஒன்று செய்வதை இன்னொன்று நுணுக்கமாகப் பின்பற்றியதா? பின்னாளில் நடந்த சோதனை ஒன்றில், ஏற்கெனவே திறந்துகிடந்த புட்டியைக் கண்டு பழகிய பறவையும் திறக்கக் கற்றுக்கொண்டது. "அங்கே ஏதோ இருக்கிறது" என்ற குறிப்பே போதும், மிச்சத்தை அலகு பார்த்துக்கொள்ளும். குலவித்தை கல்லாமல் பாகம் படும் என்பதில் இந்தப் பக்குவம் இருக்கிறது: கூடவே வளர்வதே பாதிப் படிப்பு.

அச்சு அசலாகக் காப்பியடிப்பதில் மனிதக் குழந்தையை மிஞ்ச ஆளில்லை. 2005இல் விக்டோரியா ஹார்னரும் வைட்டனும் ஒரு பெட்டியிலிருந்து பரிசை எடுத்துக் காட்டினார்கள். இடையில் தேவையில்லாத சில தட்டல்களையும் குத்தல்களையும் சேர்த்துக்கொண்டார்கள். பெட்டி ஒளி ஊடுருவும் வகையில் இருந்து, அந்தத் தட்டல் வீண் என்று கண்ணுக்கே தெரிந்தபோது சிம்பன்சிகள் அதை விட்டுவிட்டு நேராகப் பரிசை எடுத்தன. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் வீண் தட்டலையும் விடாமல் செய்தார்கள். சிம்பன்சி கெட்டிக்காரன், குழந்தை மக்கு என்று சிரித்துவிடலாம். ஆனால் ஏன் என்று தெரியாமலே செய்யும் இந்தக் குணம்தான் மனிதரைக் காப்பாற்றுகிறது. எப்படி என்பதைக் கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

விலங்குகள் கற்றுக்கொடுக்குமா?

சில கொடுக்கும். தென்னாப்பிரிக்காவின் கலஹாரிப் பகுதியில் வாழும், கீரி வகையைச் சேர்ந்த மீர்கேட்டுகள் தேளைத் தின்பவை. மிகச் சிறு குட்டிக்குச் செத்த தேளைக் கொடுக்கின்றன. கொஞ்சம் வளர்ந்ததும் கொடுக்கைப் பிய்த்துவிட்டு உயிரோடு. பிறகு முழுத் தேள். குட்டியின் கெஞ்சல் குரலை வைத்தே வயதை மதிப்பிடுகின்றன. ஆய்வாளர்கள் பெரிய குட்டிகளின் குரலை ஒலிபரப்பியபோது, சிறு குட்டிகளுக்கும் உயிருள்ள இரை வந்துசேர்ந்தது. ஆக, ஆசிரியருக்கு மாணவரின் மனம் புரிய வேண்டும் என்பதுகூட இல்லை. குரலுக்கேற்ற ஒரு விதி இருந்தால் போதும்.

எறும்பும் கற்பிக்கிறது. டெம்னோதோராக்ஸ் என்ற சிற்றெறும்பு, வழி தெரியாத தோழியை உணவிடத்துக்கு அழைத்துச் செல்கிறது. பின்னால் வருவது உணர்கொம்பால் தட்டினால்தான் முன்னது அடுத்த அடி எடுத்து வைக்கும். தனியாகப் போயிருந்தால் நான்கு மடங்கு வேகமாகப் போயிருக்கும்.

யாரைப் பார்த்துக் கற்பது என்று எது முடிவு செய்கிறது?

இதுதான் மையக் கேள்வி. புதுமை எங்கும் எப்போதும் முளைத்துக்கொண்டே இருக்கிறது. அதில் எது மரபாகும் என்பதைத் தீர்மானிப்பது, கண்டுபிடித்தவரின் அறிவைவிட, கண்டுபிடித்தவரை யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதே. இமோ ஒரு முதிய ஆணாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஊரோடு ஒத்துப்போவது ஒரு விதி. தென்னாப்பிரிக்காவில் எரிகா வான் டி வால் வெர்வெட் குரங்குக் கூட்டங்களுக்கு இளஞ்சிவப்பு, நீலம் என இரண்டு நிறங்களில் சோளம் கொடுத்தார். சில கூட்டங்களுக்கு இளஞ்சிவப்பில் கசப்பு, சிலவற்றுக்கு நீலத்தில். கசப்பை எடுத்த பிறகும் பழைய விருப்பம் நீடித்தது. கசப்பை அறியாத குட்டிகளும் தாய் தின்ற நிறத்தையே தின்றன. பிறகு நடந்ததுதான் சுவையானது. பருவம் வந்த ஆண்கள் வேறு கூட்டத்துக்குக் குடிபெயர்ந்தபோது, தாங்கள் பட்டறிந்து வெறுத்த நிறத்தை, புதிய ஊரார் தின்கிறார்கள் என்பதற்காகவே தின்னத் தொடங்கின. சொந்த அனுபவத்தை ஊர் வென்றது. அசட்டுத்தனம் என்று தோன்றலாம். ஆனால் புதிய ஊரில் எது விஷம் என்று உள்ளூர்வாசிக்குத்தானே தெரியும்?

வெற்றி பெற்றவரைப் பின்பற்றுவது இன்னொரு விதி. மதிப்புள்ளவரைப் பின்பற்றுவது மூன்றாவது. மூன்றாவது மனிதரிடம் கட்டுக்கடங்காமல் போகிறது. வேட்டைக்காரர் எதனால் வெல்கிறார் என்று சரியாகத் தெரியாததால் அவருடைய அம்பையும் பிரார்த்தனையையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறோம். பந்து விளையாடுபவர் கைக்கடிகார விளம்பரத்தில் வருவது இந்தப் பழைய குணத்தின் தோளில் ஏறித்தான்.

எந்தப் பயனும் இல்லாத பழக்கம் ஏன் பரவுகிறது?

ஜாம்பியாவின் சிம்ஃபுன்ஷி காப்பகத்தில் ஜூலி என்ற பெண் சிம்பன்சி 2010இல் காதில் ஒரு புல்லைச் செருகிக்கொண்டது. எதற்கு என்று யாருக்கும் விளங்கவில்லை. கூட்டத்தில் பல சிம்பன்சிகளும் செருகிக்கொண்டன. ஜூலி இறந்த பிறகும் பழக்கம் தொடர்ந்தது. 1987இல் அமெரிக்காவின் வடமேற்குக் கரையோர ஓர்காக்கள் (கொலைத் திமிங்கலங்கள்) செத்த சால்மன் மீனைத் தலைமேல் வைத்துக்கொண்டு நீந்தின. சில மாதங்களில் அது ஓய்ந்தது. நாகரிகம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

பின்பற்றும் இயல்பு பொதுவாக லாபம் தருவதால், இடையில் வரும் வீண் சுமையும் சேர்ந்தே பயணம் செய்கிறது. மனிதக் குழந்தைகளின் பெயர்கள் பெரும்பாலும் இப்படித்தான் எழுந்து விழுகின்றன. 2004இல் சில ஆய்வாளர்கள், ஒருவரை ஒருவர் கண்மூடித்தனமாகக் காப்பியடித்தாலே பெயர்ப் பட்டியல்களில் காணும் ஏற்ற இறக்கம் கிடைத்துவிடும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள்.

பாட்டும் மாறுமா?

மாறும், சில நேரம் ஒரேயடியாக. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் 1996இல் 82 கூன்முதுகுத் திமிங்கலங்களின் பாட்டைப் பதிவு செய்தார்கள். அவற்றில் இரண்டு மட்டும் மேற்குக் கரைப் பாட்டைப் பாடின. 1998க்குள் கிழக்குக் கரை முழுவதும் புதுப்பாட்டுக்கு மாறிவிட்டது. கனடாவில் வெண்தொண்டைச் சிட்டுகளின் பாட்டின் முடிவில் மும்மூன்றாக வந்த ஒலி இரண்டிரண்டாகச் சுருங்கியது. அந்தச் சுருக்கம் இருபது ஆண்டுகளுக்குள் மேற்கிலிருந்து கிழக்காகக் கண்டத்தைக் கடந்தது. குளிர்காலத்தில் ஒரே இடத்தில் தங்கும் பறவைகள் அங்கே கேட்டுக் கற்கின்றன போலும்.

அப்படியென்றால் மனிதருக்கும் விலங்குக்கும் என்னதான் வேறுபாடு?

சேர்ந்துகொண்டே போவது. மைக்கேல் டொமசெல்லோ என்ற உளவியலாளர் இதைப் பின்னோக்கிச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்ளும் பல்சக்கரத்துக்கு ஒப்பிட்டார். ஒரு தலைமுறை ஒரு பல் நகர்த்தும். அடுத்தது அங்கிருந்து தொடங்கும். முடிவில், எந்தத் தனிமனிதரும் வாழ்நாள் முழுவதும் யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாத ஒன்று எல்லார் கையிலும் இருக்கும்.

மேலே சொன்ன வீண் தட்டலை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 1861இல் ராபர்ட் பர்க், வில்லியம் வில்ஸ் என்ற இரு பயணிகள் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில், கூப்பர் ஓடைக் கரையில் உணவின்றிச் சிக்கிக்கொண்டார்கள். அங்கே வாழ்ந்த யாண்ட்ருவாந்தா மக்கள் நார்டூ என்ற நீர்ப் பெரணியின் வித்துக்கூடுகளை மாவாக்கி உண்பதை அறிந்து, இவர்களும் சேகரித்து இடித்து உண்டார்கள். வயிறு நிறைந்தது, உடல் நாளுக்கு நாள் தளர்ந்தது, இருவரும் இறந்தார்கள். நார்டூவில் பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி இருக்கிறது, அம்மக்களின் பதப்படுத்தும் முறை அதை முறித்தது என்று பின்னாளில் விளக்கம் சொன்னார்கள். நொதி என்ற ஒன்று இருப்பதே அந்த மக்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. முன்னோர் செய்ததை ஒரு படியும் விடாமல் செய்தால் போதும். அந்தப் படிகளை அறியாமல் விட்டவர்களை நார்டூ தண்டித்தது. அவர்களுடன் போன ஜான் கிங் என்பவரை யாண்ட்ருவாந்தா மக்கள் தங்களுடன் வைத்துக் காப்பாற்றினார்கள்.

மனிதருக்கு மட்டுமே உரியது இது என்று அடித்துச் சொல்வது இப்போது கொஞ்சம் கடினமாகியிருக்கிறது. 2024இல் இரண்டு ஆய்வுகள் ஒன்றாக வந்தன. பம்பிள்பீ தேனீக்கள் தாமாகத் திறக்கவே முடியாத இரண்டுபடிப் பெட்டியை, பயிற்சி பெற்ற தேனீயைப் பார்த்துச் சில தேனீக்கள் திறந்தன. சிம்ஃபுன்ஷியில் 66 சிம்பன்சிகள் மூன்று மாதம் முயன்றும் தோற்ற ஒரு பெட்டியை, பழக்கிய தோழர்களைப் பார்த்த பிறகு 14 சிம்பன்சிகள் திறந்தன. ஆனாலும் முதல் தேனீக்கும் முதல் சிம்பன்சிக்கும் கற்றுக்கொடுத்தவர்கள் மனிதர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

சேர்ந்த அறிவு தேய்ந்தும் போகுமா?

போகும். எப்படி என்பதில்தான் சண்டை. கடல்மட்டம் உயர்ந்து டாஸ்மேனியா ஆஸ்திரேலியாவிலிருந்து பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே தனித்தீவானது. அங்கே எலும்புக் கருவிகள் காலப்போக்கில் மறைந்ததைத் தொல்லியல் காட்டுகிறது. பார்த்துக் கற்பவர்களின் எண்ணிக்கை சுருங்கினால், சிக்கலான திறன்கள் தலைமுறைக்குத் தலைமுறை நழுவும் என்று ஜோசப் ஹென்ரிக் 2004இல் ஒரு கணித மாதிரி கொடுத்தார். அந்த மக்கள் தங்கள் சூழலுக்கு வேண்டாததை விட்டார்கள், இதை இழப்பு என்று சொல்வதே ஆணவம் என்று மறுப்பவர்களும் உண்டு. மாதிரியின் தருக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது. டாஸ்மேனியா அதற்குப் பொருத்தமான சான்றா என்பதில்தான் எனக்கு ஐயம்.

பழக்கம் மரபணுவையே மாற்றுமா?

பாலை எடுத்துக்கொள்ளுங்கள். பாலூட்டிகள் பொதுவாகக் குட்டிப்பருவம் தாண்டியதும் பாற்சர்க்கரையைச் செரிக்கும் திறனை இழக்கின்றன. மனிதர் கால்நடை வளர்த்துப் பால் கறக்கத் தொடங்கிய பிறகு, ஐரோப்பாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் தனித்தனி மரபணு மாற்றங்கள் பெருகி, பெரியவர்களுக்கும் அந்தத் திறனைக் கொடுத்தன. இன்றும் உலகின் பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கே அது உண்டு. முன்னால் போனது பழக்கம். மரபணு பல ஆயிரம் ஆண்டுகள் கழித்து மூச்சிரைக்கப் பின்னால் வந்தது.

ஓர்காக்களிலும் இது நடந்துகொண்டிருக்கலாம். வடகிழக்குப் பசிபிக்கில் மீன் தின்னும் கூட்டங்களும் கடல்நாய் போன்ற பாலூட்டிகளைத் தின்னும் கூட்டங்களும் ஒரே நீரில் வாழ்ந்தும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. 1970இல் பிடிபட்ட பாலூட்டி தின்னும் ஓர்காக்கள் இரண்டு மாதங்களுக்கும் மேல் மீனைத் தொடாமல் கிடந்தன. அவற்றில் ஒன்று இறந்தது. மற்றவை அதன் பிறகே மீனைத் தின்றன. பசியைவிட வழக்கம் அவ்வளவு கெட்டியாக இருந்திருக்கிறது.

யாருக்கும் பிடிக்காத வழக்கம்கூட ஏன் நீடிக்கிறது?

ஒருவர் மட்டும் விட்டால் அவருக்கு நட்டம், எல்லாரும் சேர்ந்து விட்டால் யாருக்கும் நட்டமில்லை. சிக்கல் அங்கேதான். சீனாவில் பெண்குழந்தைகளின் பாதங்களைக் கட்டிச் சிறுக்கவைக்கும் வழக்கம் பல நூற்றாண்டுகள் நீடித்தது. வேதனை என்று தாய்க்குத் தெரியாமலா இருக்கும்? கட்டாவிட்டால் மகளுக்கு மணமகன் கிடைக்க மாட்டான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய சங்கங்கள் ஒரு நுட்பமான உறுதிமொழியைப் பிடித்தன: என் மகளுக்குப் பாதம் கட்ட மாட்டேன், பாதம் கட்டிய பெண்ணை என் மகனுக்கு எடுக்கவும் மாட்டேன். இரண்டாவது பாதிதான் பூட்டைத் திறந்தது. டிங்ஷியான் என்ற பகுதியில் 1889இல் 99 விழுக்காடாக இருந்த வழக்கம் 1919இல் கிட்டத்தட்டப் பூஜ்யம்.

சாலையின் எந்தப் பக்கம் ஓட்டுவது என்பதும் இதே வகை, வேதனை மட்டும் இல்லை. ஸ்வீடன் 1967 செப்டம்பர் 3 அதிகாலையில் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு ஒரே நேரத்தில் மாறியது. மெதுவாக மாறுகிறோம் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சண்டைக் குணமும் கற்பதுதானா? ஒரு கூட்டத்தின் சுபாவம் மாறுமா?

மாறிய ஒரு கூட்டத்தை அறிவோம். கென்யாவில் ராபர்ட் சபோல்ஸ்கி கவனித்து வந்த பபூன் கூட்டத்தின் முரட்டு ஆண்கள், பக்கத்துச் சுற்றுலா விடுதியின் குப்பைமேட்டில் இன்னொரு கூட்டத்தோடு மோதித் தின்னப் போவது வழக்கம். 1980களில் அந்தக் குப்பை வழியாகக் காசநோய் வந்து, போனவை அனைத்தும் இறந்தன. கூட்டத்தில் எஞ்சியவை பெண்களும் சாது ஆண்களும். சச்சரவு குறைந்தது, பேன் பார்ப்பது கூடியது. இது வெறும் கழித்தல் கணக்கு என்று நினைக்கலாம். ஆனால் பபூன் ஆண்கள் பருவமடைந்ததும் வேறு கூட்டத்துக்குப் போய்விடும்; 1993க்குள் அந்தப் பழைய ஆண்கள் எவையும் அங்கே இல்லை. அப்போது இருந்த ஆண்கள் எல்லாம் வெளியே, வழக்கமான முரட்டுக் கூட்டங்களில் வளர்ந்து வந்தவை. கூட்டத்தின் சாதுத்தன்மை அப்படியே இருந்தது. புதிதாக வந்தவற்றை அங்கே பெண்கள் சீக்கிரமாகவே நெருங்கிப் பேன் பார்த்தன, கீழ்நிலை ஆண்களை மற்றவை வீணாகத் துன்புறுத்தவில்லை; வந்தவை அந்த ஊர்ப் பழக்கத்துக்கு வந்துவிட்டன.

ஒரே ஒரு கூட்டம்தான். பெண்களின் விகிதம் கூடியதும் ஓரளவு காரணமாக இருக்கலாம். ஆனாலும் "அது அதன் பிறவிக்குணம்" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தக் கூட்டம் நினைவுக்கு வரும்.

மீம் என்று சொல்வது இதைத்தானா?

1976இல் ரிச்சர்ட் டாக்கின்ஸ் என்ற உயிரியலாளர் உருவாக்கிய சொல் அது. மரபணுபோலப் பண்பாட்டுக்கும் ஒரு அலகு என்ற எண்ணம். சொல் ஊரெங்கும் பரவியது, அறிவியலில் அவ்வளவாக வேரூன்றவில்லை. மரபணு பெரும்பாலும் அப்படியே படியெடுக்கப்படும். கேட்ட கதையோ ஒவ்வொரு வாயிலும் புதிதாகக் கட்டப்படுகிறது.

பழக்கங்களின் பரிணாமம் என்றால் முன்னேற்றம்தானே?

இல்லை. காதில் புல் செருகியதும் பரிணாமம்தான்.

இதெல்லாம் தெரிந்து என்ன பயன்?

காட்டுயிர்ப் பாதுகாப்பில் இது ஏட்டுக் கேள்வியே இல்லை. ஆஸ்திரேலியாவின் ரீஜென்ட் தேனுண்ணி என்ற பறவை அருகிப் போனதால், இளம் ஆண்களுக்குப் பாட்டுக் கற்றுக்கொடுக்கப் பக்கத்தில் பெரியவர்கள் இல்லை. சில ஆண்கள் வேறு பறவையினத்தின் பாட்டைப் பாடுகின்றன. அவற்றுக்குத் துணை கிடைப்பதும் குறைகிறது. அமெரிக்காவில் பெருங்கொம்புக் காட்டாடுகளைப் புதிய மலைகளில் கொண்டுபோய் விட்டபோது, பருவத்துக்கேற்ப இடம்பெயரும் வழக்கம் மந்தையில் பரவலாக ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிடித்தது. எங்கே எப்போது புல் துளிர்க்கும் என்பது அவற்றின் இரத்தத்தில் இல்லை. 2014இல் இடம்பெயரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கை, திமிங்கலங்களையும் ஓங்கில்களையும் காக்கும்போது அவற்றின் பண்பாட்டையும் கணக்கில் எடுக்கச் சொன்னது இதனால்தான்.

மனிதரே பாட்டன் பாட்டி வேடம் போட்ட கதையும் உண்டு. வட அமெரிக்காவின் ஹூப்பிங் கிரேன் என்ற பெருங்கொக்கு 1941இல் இருபதுக்குச் சற்று மேற்பட்ட எண்ணிக்கைக்குச் சுருங்கியிருந்தது. 2001 முதல், கூண்டில் பொரித்த குஞ்சுகளை, வெள்ளை அங்கி அணிந்த விமானிகள் சிறு விமானங்களில் முன்னால் பறந்து, விஸ்கான்சினிலிருந்து ஃப்ளோரிடாவுக்கு அழைத்துச் சென்றார்கள். ஒருமுறை வழி காட்டினால் போதும்; திரும்பும் வழியைப் பறவைகளே பிடித்துக்கொண்டன. பிற்பாடு, மூத்த பறவை ஒன்று உடன் பறந்தால் கூட்டம் வழிதவறுவது குறைகிறது என்றும் தெரிந்தது. ஆனால் அந்தப் பறவைகள் கூடு கட்டி முட்டையிட்டாலும் குஞ்சுகளை வளர்த்து ஆளாக்குவதில் தொடர்ந்து தோற்றன. கூட்டருகே மொய்த்த கருநிற ஈக்கள் ஒரு காரணம். பெற்ற பறவைகளிடம் வளராமல், அங்கி அணிந்த மனிதர்களிடம் வளர்ந்தது இன்னொரு காரணம் என்று அதிகாரிகள் கருதினார்கள். 2016இல் விமானங்களை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு குஞ்சுகளைப் பெருங்கொக்குகளே வளர்க்கும்படி விட்டு, இலையுதிர்காலத்தில் மூத்த பறவைகளுக்கு அருகே கொண்டுபோய்த் திறந்துவிடும் முறையைக் கையாண்டார்கள்.